பனி இறங்கும்வரை

ஹட்டன் ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நிமல்கா.
நடுவே பதுளை ரயில் வந்து நிற்கும்.
காதுள்ளவர்கள் பேச்சை நிறுத்தி
அது போகட்டும் என்று காத்திருப்பார்கள்.
நாங்கள் இரண்டு ஜன்னல்களின் ஊடாக,
வடைக்காரனின் கூடைக்கு மேலாக,
அவள் மாமியார் கதையை
முடித்தே விடுவோம்.

எங்களை ஊமையாக்குவது ரயில் அல்ல.
பனி.
சிங்கமலைப் பக்கமிருந்து வரும்,
முதலில் கால்கள் போகும், பிறகு கைகள்.
ஒரு சொல்லின் பாதியில்
நிமல்காவின் விரல்கள் காணாமற்போகும்.
அவள் சொல்ல வந்தது கலியாணமா, கடனா
அடுத்த ஞாயிறுதான் தெரியும்.

செக்ரோலில் என் பெயர் ஊமைச்சி.
அம்மா வைத்தது தவமலர் என்று
அடையாள அட்டை எடுத்தபோதுதான் கண்டேன்.
கைப்பெயர் வேறு:
இடது மணிக்கட்டில் இரண்டு தட்டு,
அட்டை கடித்த தழும்பின் மேல்.
ஒரு பொடிக்கல்லை எறிந்து
நான் திரும்பிய பிறகே
அந்தப் பெயரைச் சொல்வார்கள்.

துரை என்றால்
நெற்றிக்கு மேல் தொப்பியின் விளிம்பு.
இப்போதைய துரைக்குத் தொப்பி கிடையாது,
வழுக்கையும் மோட்டார் சைக்கிளும்தான்.
கங்காணி என்றால் கோட்டுப் பொத்தான் மூன்று.
கோட்டுப் போட்ட கங்காணியை நான் கண்டதேயில்லை.
யாரோ ஒருத்தி
பிரட்டுக் களத்தின் கடைசி வரிசையில் நின்று
பார்த்துப் பார்த்துச் செய்த சொல்.
அவளை எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை.
அவள் பார்த்த தொப்பி விளிம்பு மட்டும்,
இரண்டு விரற்கடை, கூடவும் இல்லை குறையவும் இல்லை,
என் நெற்றியில் இருக்கிறது.

நில் என்பதற்கு எங்களிடம் இரண்டு கை.
ஒன்று பஸ்ஸுக்கு.
மற்றது, சன்னாசியின் அண்ணன்,
அவனும் எங்கள் ஆள்தான்,
சோதனைச்சாவடியில் திரும்பிப் பார்க்காமல்
நடந்துபோன நாளுக்குப் பிறகு வந்தது.
அதை யாரும் எடுப்பதில்லை.

மாசியில் காமன் பொட்டலில்
இந்த வருசம் சன்னாசிதான் ரதி.
பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு.
ஊமை எப்படி ஒப்பாரி வைக்கும் என்று
கமிட்டித் தலைவரின் உதடு கேட்டது,
வாசித்துக்கொண்டோம்.
தப்பைத் தீயில் காட்டினார்கள்.
நாங்கள் செருப்பைக் கழற்றினோம்.
அடி உள்ளங்காலில் ஏறி
முழங்காலில் கொஞ்சம் தங்கி
விலாவில் வந்து உட்கார்ந்தது.
சன்னாசி ஒரு தாளமும் தப்பவில்லை,
தப்பியது பின்பாட்டுக்காரர் என்று
பிறகு எழுதிக் காட்டினார்கள்.

நெற்றிக்கண் எரியம்பாகப் பாய்ந்தது.
மதன் எரிந்தான்.
ரதி நெஞ்சில் கை வைத்தாள்,
என்.
மறுபடியும், என்.
அப்போது இறங்கியது பனி.

மற்றவர்களுக்கு ஒப்பாரி நின்றிருக்காது,
ஒலிபெருக்கி கம்பத்தில் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.
எங்களுக்கு ரதி அணைந்துபோனாள்.

நிமல்கா எழுந்து பொட்டலுக்குள் நடந்தாள்.
காப்புக் கட்டிய ஒருவர் குறுக்கே வந்தார்,
அவர் கத்தியது அவருக்கே.
சன்னாசியின் கை அவள் இடக்கைக்குள்,
அவள் வலக்கை என் இடக்கைக்குள்,
இப்படி ஏழு பேர்,
பனிக்குள் ஒரு வேலி.
கண்ணாடி வளையலோடு ரதி
கைகைகையாக வந்தாள்.
என் பூ. என் பாய். என் உப்பு.
பிறகு நெருப்பைப் பார்த்து, நில்.
பஸ்ஸுக்கான நில் அல்ல.

நிமல்காவின் கை என் கைக்குள் நடுங்கியது.
எனக்கு அடுத்து வட்டவளைப் பையன்,
சண்டை ஓய்ந்த பிறகு பிறந்தவன்,
அந்தச் சொல்லை அறியாதவன்.
அவன் உள்ளங்கை விரிந்து காத்திருந்தது.
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு கொடுத்தேன்.

விடிந்ததும் கொழுந்து நிறுக்கும் இடத்தில்
கணக்கப்பிள்ளை என் நகக்கண்ணைப் பார்த்தார்,
ரதியின் சிவப்பு.
அரைக் கிலோ குறைத்து எழுதினார்.
நெற்றிக்கு மேல்
இரண்டு விரற்கடை காட்டினேன்.
சலாம் போடுகிறேன் என்று நினைத்து
தலையசைத்தார்.